கூறு எத்தனை, கூறுக்கு எத்தனை?

ஆறாம் வாய்ப்பாட்டை அந்தப் பையன் சொல்லிக் கேட்க வேண்டும். "ஓராறு ஆறு, ஈராறு பன்னெண்டு, மூவாறு பதினெட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் அறுபது வரைக்கும் போய்விடுவான். மூன்றாம் வகுப்பு. சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பலகையில் 3 × 6 என்று எழுதினேன். புளியங்கொட்டை டப்பாவை அவன் முன்னால் வைத்து, "இதக் கொட்டையில வச்சுக் காட்டு பாப்போம்" என்றேன். மூன்று கொட்டையை ஒரு பக்கம் வைத்தான். ஆறு கொட்டையை இன்னொரு பக்கம் வைத்தான். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினான். "ஒம்பது டீச்சர்."

"மூவாறு?"

"பதினெட்டு."

"இங்க எத்தன இருக்கு?"

"ஒம்பது."

அவன் முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. வாயில் வருவது ஒரு பாடம், கையில் செய்வது வேறொரு பாடம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அவன் செய்ததைச் சரி என்றே தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மூன்றாம் வகுப்பு கைக்கு வந்ததும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் வைப்பேன். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவனைப் போலவே கொட்டைகளை இரண்டு குவியலாக வைப்பார்கள்.

இதைப் பிள்ளைகளின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டலும் கழித்தலும்தான் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாங்காய், ஆறு மாங்காய் என்றால் இரண்டு எண்ணும் மாங்காயைத்தான் எண்ணுகின்றன. பெருக்கலில் அப்படி இல்லை. ஓர் எண் மாங்காயை எண்ணுகிறது. இன்னொன்று மாங்காயை எண்ணுவதே இல்லை. அது குவியலை எண்ணுகிறது. "ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணு" என்று இரண்டு வருடம் பழக்கிவிட்டு, ஆறு காயைச் சேர்த்து 'ஒன்று' என்று எண்ணச் சொல்கிறோம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சாதாரண மாற்றம் அல்ல. தொடக்கப்பள்ளிக் கணக்கில் இதைவிடப் பெரிய படி வேறு எதுவும் கிடையாது என்று நான் நினைக்கிறேன்.

திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் பெருக்கல் என்று புத்தகம் சொல்லும். விடை காணும் வழி அதுதான், தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்து, எதைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்பதை அந்த வாக்கியம் சொல்லித் தருவதில்லை.

எனக்கு வழி காட்டியது சாத்தூர் வெள்ளரிக்காய். பேருந்து நிலையத்தில் சாக்கை விரித்துக் காயைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் சிலருடைய ஆச்சிமார் கூடை எடுத்துப் போய் விற்று வருகிறவர்கள். கூறு போடுவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கூறில் ஐந்து காய் என்றால் அடுத்த கூறிலும் ஐந்துதான் இருக்க வேண்டும்; குறைந்தால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். அதையே வகுப்புக்குள் கொண்டுவந்தேன். தரையில் சாக்பீஸால் வட்டம் போடுவோம். வட்டம்தான் கூறு. புளியங்கொட்டைதான் காய். கேள்வி இரண்டே இரண்டு: கூறு எத்தனை? கூறுக்கு எத்தனை?

பல நாட்கள் பெருக்கல் குறியைப் பலகையில் எழுதவே மாட்டேன். "3 கூறு, கூறுக்கு 6" என்றுதான் நோட்டில் எழுதுவார்கள். அந்த வரி கைக்குப் பழகிய பிறகு, இதைச் சுருக்கி எழுத ஒரு குறி இருக்கிறது என்று × போட்டுக் காட்டுவேன். அப்போதும் ஒரு பிள்ளை 3 × 6 என்று எழுதினால், மூன்றைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்பேன். "கூறு" என்று பதில் வர வேண்டும். ஆறைத் தொட்டால் "காய்" என்று வர வேண்டும். விடை பதினெட்டு என்று வருவது அதற்கு அப்புறம்தான்.

ஒரு பெண்பிள்ளை கூறு போடுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. நான்கு வட்டம், வட்டத்துக்கு ஆறு கொட்டை. முதல் மூன்றிலும் எண்ணி வைத்தாள். நான்காவதில் கை அள்ளியதைப் போட்டுவிட்டாள், ஐந்துதான் விழுந்தது. எண்ணவில்லை. தலையைச் சாய்த்து நான்கு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டப்பாவுக்குள் விரலை விட்டு ஒரே ஒரு கொட்டையை எடுத்து நான்காவது வட்டத்தில் வைத்தாள். எல்லாக் கூறும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. அன்று நான் வேறு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பக்கத்தில் இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

பூஜ்யமும் வட்டம் போட்ட பிறகு எளிதாகிவிட்டது. 4 × 0 எத்தனை என்று வெறுமனே கேட்டால் பலர் 4 என்பார்கள். ஒன்றுமில்லாததைக் கொண்டு பெருக்கினால் இருப்பது இருந்தபடியே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். கூட்டலில் அப்படித்தானே நடந்தது. நான்கு வட்டம் போடச் சொல்லி, "கூறுக்கு சைபர் காய் வை" என்றால் வட்டத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "கூறு இருக்கு டீச்சர், காய் இல்ல." அதுதான் விடை.

கூறிலிருந்து வரிசைக்குப் போவது அடுத்த படி. அதற்கு வேண்டியது சத்துணவுக் கூடத்திலேயே இருந்தது. முட்டை வரும் அட்டை. ஒரு பக்கம் 6 குழி, இன்னொரு பக்கம் 5 குழி, மொத்தம் 30. சமையல் செய்யும் ஆயா காலி அட்டைகளை எனக்காக எடுத்து வைத்திருப்பார். அட்டையைப் பிள்ளைகள் நடுவில் வைத்து, "வரிசை எத்தன? வரிசைக்கு எத்தன?" என்று கேட்பேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு என்பார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று அடித்துச் சொல்வார்கள். சண்டை முற்றட்டும் என்று விட்டுவிடுவேன். கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து அட்டையைத் திருப்பி வைப்பார். குழி ஒன்றுகூட மாறவில்லை. ஐயாறும் முப்பது, ஆறஞ்சும் முப்பது.

மூன்று கூறு, கூறுக்கு ஆறு என்பதும் ஆறு கூறு, கூறுக்கு மூன்று என்பதும் ஒரே மொத்தம் என்று வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை நம்ப வைப்பது சிரமம். சந்தையில் அவை ஒன்றல்ல. வாங்குகிறவருக்கு மூன்று காய் கிடைக்கிறதா ஆறு காய் கிடைக்கிறதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அட்டையில் அடுக்கிப் பார்த்தால் எண்ணாமலே தெரிந்துவிடுகிறது.

அதே அட்டையின் ஓரத்தில் தரையில் கட்டம் போட்டு இன்னும் இரண்டு வரிசை சேர்ப்போம். ஐந்து வரிசை ஏழு வரிசையாகிவிடும். அட்டைக்குள் 30, வெளியே 12, ஆக ஏழாறு நாற்பத்திரண்டு. வெறும் அட்டையில் ஒரு வரிசையைக் காகிதத்தால் மூடினால் நாலாறு இருபத்துநாலு. தெரிந்த ஒரு பெருக்கலிலிருந்து தெரியாத இன்னொன்றுக்கு நடந்து போகலாம் என்பது பிள்ளைகளுக்கு இங்கேதான் பிடிபட்டது. பல்லாங்குழியிலும் இது உண்டு. எங்கள் பக்கத்தில் வரிசைக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து முத்து வைத்து ஆடுவார்கள். ஒரு பக்கம் 35, எதிர்ப்பக்கம் 35, மொத்தம் 70. பதினாலாம் வாய்ப்பாடு தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை பதினாலு ஐந்தைக் கண்டுபிடித்துவிடும்.

இப்படிச் சொல்வதால் நான் மனப்பாடத்துக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். வாய்ப்பாடு மனதில் நிற்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் நீள் வகுத்தல் செய்யும்போது ஏழெட்டு எத்தனை என்று விரல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, கணக்கு எங்கே நின்றது என்பதையே மறந்துவிடுகிறது. ஆனால் எதை, எவ்வளவு மனப்பாடம் செய்ய வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் வாய்ப்பாட்டில் மொத்தம் 100 விடைகள். அட்டையைத் திருப்பி வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவை 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் பாட்டு மாதிரி தானாக வந்துவிடும். அவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கும் குறுக்கு வழி உண்டு: பத்துக் கூறு போட்டு ஒரு கூறைத் திரும்ப எடுத்துவிடு. ஒன்பதேழு என்றால் எழுபதில் ஏழு போக அறுபத்து மூன்று. அதையும் கழித்தால் பாடுபட்டுப் படிக்க வேண்டியவை பதினைந்தே பதினைந்து. அந்தப் பதினைந்தையும் பெரிய அட்டையில் எழுதி வகுப்பு வாசலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். தண்ணீர் குடிக்கப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்.

100 என்றால் மலைத்து நின்ற பிள்ளைகள் 15 என்றதும் விரட்டிப் பிடித்தார்கள். மறந்துபோனாலும் திரும்பப் போக வழி தெரியும். ஏழெட்டு கேட்டதும் ஒரு பிள்ளை உதட்டுக்குள் முணுமுணுப்பதைக் காதைக் கொடுத்துக் கேட்டேன். "ஐயெட்டு நாப்பது, ஈரெட்டு பதினாறு... அம்பத்தாறு டீச்சர்." கொஞ்ச நாளில் அந்த முணுமுணுப்பும் போய் விடை நேராக வந்தது. இப்படி வந்த மனப்பாடம் அழியாது.

என் தாத்தா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எண்சுவடியை அவர் சொல்ல நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். முழு எண்ணுக்கு மட்டுமல்ல, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கும் வாய்ப்பாடு. அரைக்கால் என்பது 1/8, மாகாணி 1/16, அதற்கும் கீழே காணி 1/80, முந்திரி 1/320. நாங்கள் பத்தாம் வாய்ப்பாட்டோடு நின்றால் தாத்தா பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் கேட்பார். ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் தொழில் பழகியவர். 1957-இல் நயா பைசா வந்த பிறகும் அவர் மனக்கணக்கு அணாவில்தான் ஓடியது. 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று அவர் படித்த பெருக்கலுக்கு ஒவ்வொன்றுக்கும் கண்ணெதிரே ஒரு பாத்திரம் இருந்தது. ஒரு கலத்துக்கு 96 நாழி என்று அவர் சொல்லும்போது அது வெறும் எண்ணாக இருந்திருக்காது; தானியத்தை அளந்து கொட்டிய கை அது. பழைய காலத்தில் எல்லாம் நெட்டுருதான் என்று பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அளவைகள் மாறின, நாணயம் மாறியது, மண்டியும் தராசும் பிள்ளைகளின் நாளிலிருந்து விலகிப் போயின. நெட்டுரு மட்டும் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டது. குறை நெட்டுருவில் இல்லை. அதன் பக்கத்தில் இருந்த பொருள்களை எடுத்துவிட்டதில் இருக்கிறது.

திட்டங்கள் பல வந்தன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் எனக்கு மிகவும் பிடித்தது கீழ்மட்டக் கரும்பலகை. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, தங்கள் கைக்கெட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கட்டத்தில் எழுதுவார்கள். யார் வட்டம் போடுகிறார்கள், யார் வெறும் கோடு கிழிக்கிறார்கள் என்று நடந்துகொண்டே பார்த்துவிடலாம். பெருக்கல் எந்தப் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது என்பதை நோட்டைவிட அந்தச் சுவர் சரியாகக் காட்டியது. ஆனால் ஒரு பாட அட்டையை முடித்ததும் கற்றல் ஏணியில் அடுத்த படிக்கு ஏறிவிட வேண்டும் என்ற அவசரமும் கூடவே வந்தது. சில பிள்ளைகளுக்குக் கூறு போட்டு முடிக்கவே இன்னும் ஒரு மாதம் வேண்டியிருந்தது, நான் கொடுத்தேன். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் அடிப்படைக் கணக்குச் செய்ய வேண்டும் என்று அரசே இலக்கு வைத்தது. பொருள்களை வைத்து விளையாடிக் கணக்குச் சொல்லித் தருவதற்கு அதில் இடமும் இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல். அதற்கு முன்பெல்லாம், "வாய்ப்பாடு சொல்லிக் குடுக்காம கொட்டைய வச்சு விளையாட விடுறீங்களாமே டீச்சர்" என்று கேட்க வந்த பெற்றோரை உட்கார வைத்து, அவர்கள் பிள்ளையையே கூறு போடச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் வேறொரு கேள்வி காத்திருக்கும். கணக்கை வாசித்து முடிப்பதற்குள், "டீச்சர், கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்பார்கள். அதைத் தீர்க்கப் பலர் ஒரு குறிப்புச் சொல்லிக் கொடுப்பதுண்டு. 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'ஒன்றின் விலை' என்று வந்தால் பெருக்கு. தேர்வுக்கு இது உதவலாம், பிள்ளைக்குக் கெடுதல். கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் சொல்லைத் தேட அது பழக்கிவிடுகிறது. 5 பெட்டி, பெட்டிக்கு 12 பென்சில், மொத்தம் எத்தனை என்று கேட்டால் 17 என்று எழுதிக் கொடுப்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். "இதுல கூறு இருக்கா? எல்லாக் கூறும் சமமா?" என்று திருப்பிக் கேட்பேன். சமமான கூறு இருந்தால் பெருக்கலாம். இல்லையென்றால் கூட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் பல பிள்ளைகளின் அம்மாமார் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். 600 பெட்டி ஒரு பண்டல் என்பது ஐந்தாம் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனபோது, ஒரு பண்டலைச் சில்லறையாக விற்றால் எவ்வளவு கூடுதல் வரும் என்று பலகை இல்லாமலே சொன்னார்கள். அடுத்த கல்வியாண்டில் ஒரு நாள் நான் கேட்டேன்: "பெட்டிக்கு 50 குச்சின்னு வச்சுக்குவோம். ஒரு பண்டல்ல எத்தன குச்சி?"

பலர் 30,000 என்று எழுதிவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுதவில்லை. "எல்லாப் பெட்டியிலயும் அம்பது இருக்காது டீச்சர். எங்கம்மா சொல்லிருக்காங்க. கூறு சமமா இல்ல. பெருக்கக் கூடாது."

வகுப்பே அவள் பக்கம் திரும்பிவிட்டது. கடையிலிருந்து பத்துப் பெட்டி வாங்கிவரச் சொன்னேன். ஆளுக்கொரு பெட்டியாகப் பிரித்துக் குச்சியைத் தரையில் அடுக்கி எண்ணினார்கள். 48, 51, 47, 50, 46 என்று ஒவ்வொருவரும் கத்தக் கத்தப் பலகையில் எழுதினேன். அந்தப் பிள்ளை சொன்னது சரி. பத்துப் பெட்டியையும் கூட்டினோம்: 488. எண்ணி முடித்த குச்சிகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "இப்ப என்ன செய்றது?" என்று கேட்டேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "பத்துப் பெட்டியவும் சேத்து ஒரு கூறுன்னு வச்சுக்கலாம் டீச்சர். கூறுக்கு 488. அறுபது கூறு" என்றான். பெருக்கி 29,280 என்று விடையும் சொல்லிவிட்டான். நான் மகிழ்ந்துபோய்ப் பலகையில் எழுதப் போனேன். அந்தப் பெண்பிள்ளை விடவில்லை. "அடுத்த பத்துலயும் 488-தான் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

இன்னொரு பத்துப் பெட்டி வாங்க ஆள் அனுப்பினேன். அது 491 வந்தது. மூன்று குச்சிதான் வித்தியாசம் என்று பையன் கட்சி. மூன்றானாலும் வித்தியாசம் வித்தியாசம்தான் என்று அவள் கட்சி. அறுபது கூறுக்கு அந்த மூன்று எவ்வளவு ஆகும் என்று யாரோ கேட்டார்கள். 180 என்று கணக்குப் போட்டார்கள். முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் 180 பெரிதா சிறிதா என்று அதற்கு மேல் வாதம் நடந்தது. கடைசியில் இரண்டு கட்சியும் சேர்ந்து நோட்டில் எழுதிய விடை: சுமார் 29,000, எண்ணிப் பார்க்கவில்லை.